பதினாறு எண்ணும்வரை சும்மா

இதுவரை என்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலைகளிலேயே மிக எளிதானது, பதினாறு எண்ணும்வரை சும்மா இருப்பது. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத முட்டாள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது என்மேல் உங்களுக்கு நல்லெண்ணம் வந்து, பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சிரமம் வேண்டாம் பாருங்கள்.

கும்மிடிப்பூண்டியில் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளி பேண்டில் பெரிய டிரம் அடித்தேன். திறமைக்குக் கிடைத்த இடம் அல்ல அது. ஆள் எடுத்த அன்று பி.டி. சார் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் வயிற்றுக்கு எதிரில் நின்றார். "டிரம்மு வெக்க ஸ்டாண்டு ஒண்ணு வேணும்னு ஆபீஸ்ல கேட்டுகினே இருந்தேன். அதுவா நடந்து வந்துடுச்சு," என்றார். அப்படித்தான் கலைஞன் ஆனேன்.

சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், தலையில் இறகு வைத்த தொப்பி. என் அளவுக்குக் கோட்டு இல்லாததால் முதுகுப் பக்கம் தையலைப் பிரித்து நான்கு ஊக்கு குத்திவிட்டார்கள். முன்னால் இருந்து பார்த்தால் ராணுவம். பின்னால் இருந்து பார்த்தால் பிரிந்துபோன தலையணை. கொடியேற்றும் நாட்களில் நாங்கள் ரோட்டில் அணிவகுத்துப் போனால், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் போகிற லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டுவார்கள். "இன்னா தம்பி, பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?"

என் சிநேகிதன் பியூகிள் என்கிற பித்தளைக் குழல் ஊதினான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் அகலத்தில் வளர்ந்ததை அவன் உயரத்தில் வளர்ந்திருந்தான். எங்கள் பேண்டில் மற்றவர்கள் எல்லாம் சத்தம் போட்டோம். அவன் ஒருவன்தான் வாசித்தான். பியூகிளில் மொத்தமே நாலைந்து சுரம்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு மெட்டு அவனே கட்டியிருந்தான். கடைசியில் ஒரு சுரம் நீண்டு போகும். அதை அவன் ஊதும்போது மைதானத்தில் கபடி ஆடுகிறவன்கூட ஒரு நொடி நிற்பான்.

அவனுடைய அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு கம்பியாக ஓடி வருகிற இடத்தில் பல வருடமாக நின்றவர். கண் போகும் என்று பயந்திருந்தார், போனது காது. அவர்கள் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும். அவன் அம்மா அவரிடம் சொல்லும்போது எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்வார். அவரும் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்தித்தான் பேசுவார். திருவள்ளூரில் டாக்டரிடம் காட்டியபோது, போனது வராது, இருப்பதும் நிற்காது என்று சொல்லிவிட்டார்களாம். காதில் வைக்கிற மெஷின் மில் சத்தத்தையும் சேர்த்துக் கத்தியதால் அது பீரோவுக்குள் போய்விட்டது.

ஒருநாள் பயிற்சி முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் சொன்னான்: "நைனாவுக்கு காது இன்னும் கொஞ்சம்தான் பாக்கிடா. அது போறதுக்குள்ள நான் ஊதறதை ஒரு தபா கேட்டுடணும்."

"ஊட்லயே ஊதேன்."

"சுத்தி நைட் ஷிப்ட் போயிட்டு வந்து தூங்கறவங்கடா. ஊதுனா அடிப்பாங்க. அதுவும் இல்லாம…" எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கி, சைக்கிளை மறுபடி ரோட்டில் ஏற்றினான். "கோட்டு போட்டுகினு ஊதணும். எல்லார் எதிர்லயும். எம் பையன்னு அவரு நிக்கணும்."

விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அவன் பி.டி. சாரைக் கெஞ்சி ஒரு ஏற்பாடு செய்தான். மைதானத்தின் ஒரு பாதியில் எல்லா டிரம்மும் நின்றுவிடும். அவன் மட்டும் ஊதிக்கொண்டு வர, நாங்கள் பதினாறு எட்டு வைத்து நடப்போம். பதினாறாவது எட்டில் தண்ணீர்த் தொட்டி வரும். தொட்டி ஓரம் அப்பாவை நிற்க வைத்துவிடுவான். அந்தக் கடைசி நீண்ட சுரம் அவர் காதுக்கு நேராகப் போகும்.

எவ்வளவு நெருங்கினால் கேட்கும் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். அம்மா குக்கர் வைக்கும்போதெல்லாம் அப்பாவை ஏதோ சாக்கு சொல்லி ஒவ்வொரு இடமாக உட்கார வைத்தான். வாசலில் உட்கார்ந்தால் விசில் கேட்கவில்லை. நடுவாசல் கதவோரம் உட்கார்ந்தால் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அடுப்பு வரைக்கும் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தான். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் பருப்பு குழைந்தே வந்ததாம்.

"குக்கரை வுட என் பியூகிள் சத்தம் ஜாஸ்தி. கிட்ட போயிட்டா கேக்கும். நீ ஒண்ணும் பண்ண வாணாம். பதினாறு எண்ணு. சும்மா நட."

"சும்மா நடக்கறதுக்கு ஒரு டிரம்மு வேற எதுக்குடா எனக்கு?"

"டேய். இதுல மட்டும் வெளையாடாத."

ஏன் அப்படிச் சொன்னான் என்றால், எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பேண்டில் ஒரு வழக்கம் உண்டு: பெரிய டிரம்காரன் 'டம்டம்' என்று இரண்டு அடியை ஒட்டி அடித்தால், எல்லோரும் நிறுத்த வேண்டும். யார் என்ன வாசித்துக்கொண்டிருந்தாலும் சரி. மாதக்கணக்கில் பழகிப் பழகி, அந்த இரண்டு அடி கேட்டதும் கை தானாக நிற்கும், ஊதுகிறவன் உதடு தானாக விலகும். இந்தப் பெரிய அதிகாரத்தை நான் காமெடிக்கு எடுத்துக்கொண்டேன். பயிற்சி இடைவேளையில் யாராவது ஏதாவது உளறினால் உடனே ஒரு டம்டம். சார் வேட்டியில் வந்த அன்று அவர் திரும்பி நடந்ததும் ஒரு டம்டம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அது நிறுத்தறதுக்குடா, சிரிக்கறதுக்கு இல்ல," என்று சார் தலையில் அடித்துக்கொள்வார். சிரிப்புச் சத்தம் கேட்டால் என் கை டிரம்முக்குப் போகிற நிலைமைக்கு வந்திருந்தேன்.

விழா அன்று மதியம் அவன் அப்பா வந்தார். காலை ஷிப்ட் முடித்து, குளித்து, தேய்த்த சட்டை போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். பையனுக்காக இருக்கும். சுற்றிலும் எங்கள் வகுப்புப் பிள்ளைகள், சில பெற்றோர், போனைத் தூக்கிப் பிடித்தபடி வீடியோ எடுக்கிறவர்கள்.

கிளம்பினோம். டிரம் எல்லாம் முழங்கி நின்றது. அவன் பியூகிளைத் தூக்கினான். காலடிச் சத்தமும் அந்த மெட்டும் மட்டும். நான் எண்ணினேன். சத்தியமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கழுத்து நரம்பு பின்னாலிருந்து தெரிந்தது. ஆறு, ஏழு, எட்டு.

தொட்டியருகே அவன் அப்பா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கேட்டார். அவர் அளவில் அது ரகசியக் குரல். மைதானம் முழுக்கக் கேட்டது.

"இன்னாப்பா, இத்தினி பேரு மேளத்த மாட்டிகினு சும்மா நடந்து வர்றானுங்க? சத்தத்தையே காணோம்?"

மைதானம் சிரித்தது. டீச்சர்கள் சிரித்தார்கள். நான் ஒன்பது என்று எண்ண வேண்டிய இடத்தில் என் கை போய்விட்டது.

டம்டம்.

பியூகிள் நின்றது. நடுவில் அறுத்த மாதிரி. அவன் உதடு விலகி, கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது. இன்னும் எட்டு எட்டுதான் பாக்கி. சார் பதறிப்போய் விசில் ஊத, சைடு டிரம்காரர்கள் அவசரமாகப் பழைய தாளத்தை எடுக்க, நாங்கள் தடதடவென்று அந்தத் தொட்டியைத் தாண்டிப் போனோம். தாண்டும்போது பார்த்தேன். என் டம்டம் அவருக்குக் கேட்டிருந்தது. முகம் மலர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் கலைந்த பிறகு எங்களிடம் வந்தார். பிஸ்கட் பாக்கெட்டை என்னிடம் கொடுத்தார். "நீ அடிச்சது ஜோரா கேட்டுச்சு கண்ணு," என்றார் உரக்க. பிறகு மகனைப் பார்த்தார். "நீ எப்போ ஊதுவ?"

அவன் பியூகிளின் வாயைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். அவர் காதருகே குனிந்து சொன்னான்: "ஊதிட்டேன் நைனா."

"ஊதிட்டியா?"

"முடிஞ்சிடுச்சு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருந்துச்சு," என்றார்.

அன்று சாயங்காலமே வகுப்பு குரூப்பில் அந்த வீடியோ வந்தது. அவர் கேட்பது, சிரிப்பு, என் டம்டம். மொத்தமும் அரை நிமிடம்கூட இல்லை. அதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டைமிங் சரியாக விழுந்திருக்கிறது என்று தோன்றியது. இரண்டாம் தடவை பார்த்தேன், திரையின் ஓரத்தில் என் சிநேகிதனின் முகம் இருந்தது. மூன்றாம் தடவை பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சாரிடம் மன்றாடி பியூகிளை வாங்கி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அதற்கு முந்தின நாள்தான் அவன் பேண்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லியிருந்தான். சாலையில் ஒவ்வொரு குழிக்கும் பியூகிள் கூடையில் மோதிக் கணகணத்தது. வழியெல்லாம் மன்னிப்பு கேட்க வேண்டிய வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் அவனைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்தது வேறு.

"டோர் டெலிவரி சார். கையெழுத்து போடுங்க."

அவன் சிரிக்கவில்லை. பியூகிளை வாங்கவும் இல்லை.

"நைனாவை கூப்புடு. இங்கயே ஊது. தெருவுல எவனாவது சண்டைக்கு வந்தா நான் முன்னாடி நிக்கறேன். என்னைத் தாண்டி வர டைம் ஆகும்."

"மில்லுல யாரோ அவருக்கு அந்த வீடியோவ காட்டிகிறாங்கடா," என்றான். "அவருக்கு சத்தம் கேக்கல. எல்லாரும் அவர பார்த்து சிரிக்கறது தெரிஞ்சிது. அதுக்கு காது வாணாம்ல."

நான் சைக்கிள் பெல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்போ நான் இத எடுத்தா அவருக்கு அதான் ஞாபகம் வரும். எத்துனு போயிடு."

எடுத்துக்கொண்டு போனேன். அதன்பிறகு அவர் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. ரிப்போர்ட் கார்டுக்கும் அவன் அம்மாதான் வந்தார். மறுவருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில், பாக்கியிருந்த கொஞ்சமும் அவருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றும் குக்கர் விசில் கேட்காமல் அணைக்காமல் விட்டாராம்.

அப்போதிலிருந்து எனக்கு நானே ஒரு ஆறுதல் தயாரித்து வைத்திருந்தேன். அவர் காது அன்றைக்கே முழுசாகப் போயிருக்கும். பக்கத்தில் வந்து ஊதியிருந்தாலும் கேட்டிருக்காது. ஆகவே நான் அடித்ததால் எதுவும் கெடவில்லை. நல்ல ஆறுதல். ஒரே குறை, என் டம்டம் அவருக்குக் கேட்டது. பெரிய டிரம் சத்தம் நெஞ்சிலே கேட்கும், காது தேவையில்லை என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். கெட்டிக்காரன்.

இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. பெட்டிகள் பேசாது, சிரிக்காது. என்னால் அவற்றுக்கு ஆபத்தில்லை. அவன் ஐ.டி.ஐ. முடித்து அப்பா இருந்த அதே மில்லுக்குப் போனான். வருடத்துக்கு ஓரிரு முறை அவனைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்பு கேட்கப் போய்க் காமெடி செய்துவிட்டுத் திரும்புவேன்.

போன மாதம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் மில் கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் அவனைப் பிடித்தேன். காதில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு அடைப்பான். இப்போதெல்லாம் அது இல்லாமல் மில்லுக்குள் நிற்க விடுவதில்லையாம். இரண்டையும் இணைத்து ஒரு கயிறு கழுத்துக்குப் பின்னால் தொங்கியது. என்னைப் பார்த்து ஒன்றை மட்டும் பிடுங்கினான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்க்கிறார், அதற்குக் காது தேவையில்லை என்றான். டீ வந்தது. என் தொப்பையைப் பற்றி நானே இரண்டு ஜோக் சொன்னேன். அவன் மரியாதைக்குச் சிரித்தான்.

பிறகு, ஜோக் சொல்கிற அதே குரலில், எனக்கு வேண்டிய பதிலை நானே கையில் எடுத்துக் கொடுத்துக் கேட்டேன்:

"அன்னிக்கு நான் அடிக்காம இருந்திருந்தாலும் உங்க நைனாவுக்கு கேட்டிருக்காது, இல்லடா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிடுங்கிய அடைப்பானை விரலால் உருட்டி மறுபடியும் காதில் செருகுவதற்கு முன் சொன்னான்:

"கேட்டிருக்கும்."