சாக மறுத்த கேப்டன்

எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எல்லாரும் கும்பிடும் கைகளை அனுப்புவார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் மாமா மகள், "அவளுக்கு ஒன்னும் ஆகாது லா, ஈட்டியால குத்தியே சாகாதவ" என்று எழுதுவாள். மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் ஐந்தாம் ஆண்டு படித்தபோது நடந்த கதை அது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் விடுவதாக இல்லை.

அந்த வருடம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்காக எங்கள் வகுப்பு டீச்சர் ஒரு நாடகம் எழுதினார். கப்பலில் உலகைச் சுற்றக் கிளம்பிய ஒரு கேப்டனின் கதை. பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். சொல்ல மாட்டேன், சொன்னால் குழுவில் பழைய சண்டை மறுபடி தொடங்கிவிடும். ஐரோப்பாவிலிருந்து மேற்குப் பக்கமாகவே போய்க் கிழக்கைப் பிடித்துவிடலாம் என்று கிளம்பியவர் அவர். பாதிப் புத்தகங்களில் அவர்தான் வீரர். அவர் குத்துப்பட்டு விழுந்த தீவில் போய்க் கேட்டால், குத்தியவர்தான் வீரர்.

எங்கள் டீச்சருக்கு இந்த இரண்டு பேருமே பொருட்டில்லை. கேப்டன் இளவயதில் ஒருமுறை கிழக்கே வந்தபோது மலாக்காவில் ஓர் அடிமையை வாங்கி ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போயிருந்தார். பிறகு உலகைச் சுற்றக் கிளம்பியபோதும் அவன் கூடவே இருந்தான். கேப்டன் பாதி வழியில் இறந்துபோனார். அங்கிருந்து அடிமை மலாக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், உலகை முதலில் சுற்றி முடித்தவன் அவன்தான். போனானா என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. டீச்சர் எழுதிவிட்டார். "பரீட்சையில கேப்டன்னு எழுதுங்க, மேடையில அடிமைன்னு சொல்லுங்க," என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தார்.

குரல் பெரிதாக இருந்ததால் நான் கேப்டன் ஆனேன். குரலே வராத மாமா மகள் அடிமை. நாடகம் முழுக்க எனக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடப்பதுதான் அவள் வேலை. ஆனால் கடைசிக் காட்சி அவளுடையது. நான் அவள் மடியில் தலை வைத்து, "இன்று முதல் நீ யாருக்கும் அடிமையில்லை, உன் ஊருக்குப் போ" என்று சொல்லிவிட்டுச் சாக வேண்டும். அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு, தனியாக நடந்துபோய், மலாக்காக் கரையில் இறங்கி, "அம்மா, நான் வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரே வரியை அவள் பள்ளிப் பேருந்தில், கழிவறையில், சோற்றுத் தட்டின் முன்னால் என்று ஓயாமல் சொல்லிப் பார்த்தாள்.

அதற்குக் காரணம் மாமா. என் அம்மாவின் தம்பியான அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நானறிந்து உலகைச் சுற்றி வந்த ஒரே ஆள் அவர்தான். எத்தனை முறை என்று அவருக்கே கணக்கு தெரியாது. "சமையல்கட்டு ஜன்னல் சின்னது, அதுல தெரிஞ்ச உலகத்தைத்தான் நான் பாத்தேன்," என்பார். மகளின் ஒரு விளையாட்டுப் போட்டியைக்கூட அவர் பார்த்ததில்லை. இந்த முறை விடுமுறை சரியாக அமைந்து, கூட்டத்துக்கு முதல் நாள் வீடு வந்து சேர்ந்தார். தைப்பூசத்துக்கு முன்னால் திரும்பவும் கப்பல் ஏற வேண்டும்.

தைப்பூசம் என்றதும் எங்கள் வீட்டுச் சங்கதிக்கு வர வேண்டும். முந்தின வருடம் எனக்கு டெங்கி வந்து, இரத்தம் ஏற்றும் அளவுக்குப் போய், டாக்டரே கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். பிள்ளை பிழைத்தால் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அதனால் அந்தத் தை மாதம் வீடே விரதத்தில் இருந்தது, அப்பா தரையில் படுத்தார், அம்மா மூன்று வேளையும் சாம்பாரிலேயே எங்களை வளர்த்தார்.

இந்த நிலையில்தான் கேப்டனின் தொப்பிக்கு ஓர் இறகு தேவைப்பட்டது. காவடிக்காக அப்பா வாங்கி வைத்திருந்த மயிலிறகுக் கட்டிலிருந்து ஒன்றை உருவிச் செருகிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அம்மா பார்த்துவிட்டார். என்ன வேஷம், என்ன கதை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கேப்டன் சாகும் இடத்துக்கு வந்ததும் அவர் முகம் வெளுத்துப் போனது.

"போன வருஷம்தான் உன்னை எமன்கிட்டேருந்து புடுங்கிட்டு வந்தோம். உனக்காக அவரு காவடி எடுக்குறாரு, நீ மேடையில செத்து விழுவியா? சாகுறதுக்கு வேற புள்ளையே கெடைக்கலையா உங்க டீச்சருக்கு?"

சாமி மேடைக்கு முன்னால் நிறுத்தி, வேஷத்துக்குக்கூடச் சாக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். நான் தாராளமாகச் செய்து கொடுத்தேன். ஆனால் பள்ளியில் மூச்சுவிடவில்லை. சொன்னால் டீச்சர் தொப்பியைக் கழற்றி வேறு யார் தலையிலாவது வைத்துவிடுவார். ஆகவே ஒத்திகையில் எல்லாம் மிகச் சிறப்பாகச் செத்தேன். சத்தியம் மேடைக்கு மட்டுமா, ஒத்திகையும் சேர்த்தியா என்பதைப் பற்றி நான் சாமியிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாமா, புதுச் சட்டையில், கையில் ஒரு சின்ன கேமராவோடு. மூன்றாவது வரிசையில் அம்மா. சிற்றுண்டிச்சாலைத் தள்ளுவண்டியைச் சுற்றி அட்டை ஒட்டியதுதான் எங்கள் கப்பல். நான் மயிலிறகை ஆட்டிக்கொண்டு கடல்களைக் கடந்தேன். மாமா மகள் குடையோடு பின்னால் வந்தாள். தீவு வந்தது. தீவுத் தலைவனாக நடித்தவன் துடைப்பக் கட்டை ஈட்டியால் என் விலாவில் குத்தினான்.

நான் தள்ளாடினேன். அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நான் நிமிர்ந்து நின்றேன்.

பாவம், அவன் தன் குத்தில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் குத்தினான். "எனக்கு ஒன்னும் ஆகல!" என்று நான் கத்தினேன். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மூன்றாவது குத்துக்கு ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். திரைக்குப் பின்னால் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து, அத்தனை நாள் வராத குரல் தெளிவாக வந்தது.

"சாவுடி. ப்ளீஸ், செத்துடுடி."

கைதட்டல் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு கைதட்டலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சத்தியத்தை மறந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நான் சாகாமல் நின்றது முழுக்க எனக்காகத்தான். வண்டியில் ஏறி, "கப்பலை எடுங்கடா, ஊருக்குப் போவோம்!" என்றேன். தள்ளுகிற பையன்கள் கேப்டன் சொல் தட்டாமல் தள்ளினார்கள். அடிமை குடையோடு கப்பலுக்குப் பின்னால் ஓடிவந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. திரை விழுந்தது.

சங்கத் தலைவர் தன் உரையில் புதுமையான முடிவு என்று பாராட்டினார். டீச்சர் என் காதைத் திருகினார். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நெற்றியில் திருநீறு பூசினார், மயிலிறகைப் பத்திரமாக எடுத்துப் பையில் வைத்தார். மாமா மகள் மட்டும் மேடை ஓரத்தில் குடையை மடக்காமல் நின்றாள்.

விரதம் என்பதால் பள்ளியில் கொடுத்த, உள்ளே கோழிக்கறி வைத்துப் பொரித்த கறிபாப்பை நான் சாப்பிடக் கூடாது. மாமா எங்கள் இருவரையும் வெளியே செண்டோல் வண்டிக்குக் கூட்டிப் போனார். மூன்று கிண்ணம் வந்தது. நான் பனை வெல்லப் பாகைத் தேங்காய்ப் பாலில் கலக்கி வேகமாக வேலையைத் தொடங்கினேன். மாமா மகள் கரண்டியைத் தொடவில்லை.

"நல்லா நடிச்ச, கேப்டன்," என்றார் மாமா. "அந்த அடிமை? கடைசியில வீட்டுக்குப் போய்ச் சேந்தானா?"

நான் வாய் நிறைய ஐஸோடு விளக்கினேன். "எப்படிப் போவான் மாமா? கேப்டன்தான் சாகலையே. கப்பல்லதான் இருப்பான்."

"எத்தனை நாளைக்கு?"

"கேப்டன் போன்னு சொல்ற வரைக்கும்."

மாமா சிரித்தார். ரசித்துத்தான் சிரிக்கிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் தன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நீ ஒன்னு சொல்லணும்னு வச்சிருந்தியே, என்னம்மா அது? இப்ப சொல்லு, அப்பா கேக்குறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "கரையில எறங்குனாத்தாம்ப்பா சொல்லணும். நான் இன்னும் எறங்கவே இல்லையே."

மாமா அவள் தொடாத கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, "நானும்தாம்மா," என்றார்.

இரண்டு பேரும் தரையில் கால் ஊன்றி, செண்டோல் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இறங்கவில்லை இறங்கவில்லை என்று என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. ஐஸ் கரைவதற்குள் மாமாவின் கிண்ணத்தையும் காலி செய்யும் அவசரத்தில் இருந்தேன்.