ஞானஸ்நானத்தாலும் உறவில்லாத ஒருவர்

மலைமேல் இருக்கிற பல்கலைக்கழகம், ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் கிடக்கிறவர்களுக்கும் தபால் மூலம் பட்டம் தரலாம் என்று ஒருநாள் பெரிய மனசு பண்ணியது. பண்ணின கையோடு ஒரு விதிக் கையேட்டையும் அச்சடித்தது. பட்டத்தை யாராவது கைதவறி வாங்கிவிட்டால் என்ன செய்வது?

சான் எலாதியோ ஊருக்கு அந்தக் கையேட்டை வரவழைத்தவள் எர்சிலியா கொரோசோ. ஆரம்பப் பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியை. 'பொறுப்பு' என்றால், வேலை முழுவதும் உனக்கு, நாற்காலி எங்களுக்கு என்று அர்த்தம். வருஷக்கணக்காக அந்தப் பள்ளியை அவள்தான் கூரை ஒழுகாமல் காத்து வந்தாள். இப்போது கல்வித்துறை கண்விழித்து, பட்டம் இல்லாத தலைமை செல்லாது, இந்த வருஷத்துக்குள் பட்டம் வராவிட்டால் நகரத்திலிருந்து பட்டதாரி ஒருவரை அனுப்புவோம் என்று சொல்லிவிட்டது.

எர்சிலியா விதிகளுக்குப் பயப்படுகிறவள் அல்ல. நீல மையில் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். இடப்பக்கம் நாலு விரல் இடம் விடச் சொன்னார்கள், விட்டாள். உறையை எச்சிலால் ஒட்டக் கூடாது என்றார்கள். அதற்கும் மரவள்ளிக் கஞ்சி காய்ச்சினாள். அவளுடைய விடைத்தாள்கள் தபால் படகில் இறால் கூடைகளுக்கு நடுவே பயணம் செய்து மலையேறின. 'கருத்துகள் நன்று, தாள் நாறுகிறது' என்று ஒரு பேராசிரியர் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். அதற்கு மதிப்பெண்ணும் குறைத்திருந்தார். பேராசிரியர்களுக்கு மூக்கு மட்டுமாவது வேலை செய்கிறதே என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

அவளை மடக்கியது கடைசி விதி. இறுதித் தேர்வை அரசுப் பணியிலுள்ள ஒருவர் முன்னிலையில் எழுத வேண்டும். அந்தக் கண்காணிப்பாளர் தேர்வருக்கு இரத்தத்தாலோ, திருமணத்தாலோ, ஞானஸ்நானத்தாலோ உறவினராக இருக்கக் கூடாது.

இதை எழுதியவர் சான் எலாதியோவுக்கு வந்ததே இல்லை என்பதைச் சத்தியம் செய்யலாம். ஊரில் பாதிப் பேர் கொரோசோ. மீதிப் பேர் கொரோசோவைக் கட்டினவர்கள். தப்பித்தவறி இரண்டிலும் சேராதவன் இருந்தால் அவன் பிள்ளைக்கு எர்சிலியா ஞானத்தாய். குழந்தையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் அவள். ஞானத்தாய் ஆன கணத்திலிருந்து பெற்றவர்களுக்கு அவள் 'கொமாத்ரே'. கூடப்பிறந்தவளுக்கும் ஒருபடி மேலே. இப்படிப் போலீஸ்காரர் உறவு, மருத்துவமனைச் செவிலி உறவு, துறைமுக அதிகாரி இரண்டு பக்கமும் உறவு. திருவிழாவுக்கு மட்டும் வந்துபோகும் பாதிரியார் ஆகுமா என்று கேட்டு எழுதினாள். ஆன்மிகத் தந்தையும் தந்தையே என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. அங்கே சம்பளம் கொடுத்து இதையும் யோசிக்க ஆள் வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஊரில் மிஞ்சியது ஒரே ஆள். தபால் அலுவலர் எலியோதோரோ தோவாபந்தா.

மலைக்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் தன் மகள் யதீராவுக்கு எர்சிலியாவை ஞானத்தாயாக அழைக்க வந்தவர், வழக்கப்படி உயிர்க்கோழி கொண்டு வராமல் மத்தி மீன் டப்பா ஒன்றைக் கொண்டு வந்தார். மீன் துள்ளுகிற ஊருக்கு டப்பா மீன். எர்சிலியா வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக 'முடியாது' என்றாள். எலியோதோரோவோடு மலையிலிருந்து வந்த மனைவி சோய்லா, "அந்த டீச்சர் இல்லேன்னா எம்பொண்ணுக்கு யாரும் வேணாம்" என்று வீம்பு பிடித்ததில், குழந்தைக்கு இன்னமும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அன்றிலிருந்து எர்சிலியாவுக்கு வரும் தபால் எல்லாம் கடைசியாகத்தான் பட்டுவாடா ஆகும்.

அவள் தபால் நிலையத்துக்குப் போனாள்.

"உங்களுக்கு நான் சொந்தமா?" என்று கேட்டாள்.

"கடவுள் காப்பாத்தினார், இல்லை" என்றார் அவர்.

"அப்ப தேர்வுக்கு வந்து உக்காருங்க."

"வர்றேன். ஆனா ஒரு கொசு சொல்லிக்குடுத்தாக்கூட எழுதி அனுப்பிருவேன், பாத்துக்குங்க."

நவம்பர் மாதம், பள்ளிக்கூடத்திலேயே தேர்வு. உறவில்லை என்ற உறுதிமொழியில் ஒரு பெருமிதத்தோடு கையெழுத்திட்டுவிட்டு எலியோதோரோ உறையைப் பிரித்தார். காலைத் தாள், கல்வி உளவியல். ஊரே ஜன்னலோரம் நின்றது. படகுக்கார நசாரியோ, "கொமாத்ரே, பயப்படாதே, நாங்க இருக்கோம்" என்றான். எலியோதோரோ ஜன்னல்களைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். சுவரில் தொங்கிய உலக வரைபடத்தைக்கூடத் திருப்பி மாட்டினார். அந்தப் புழுக்கத்தில் எர்சிலியா வேர்த்து வழிந்து, எதிரியின் முறைப்புக்குக் கீழே, தன் சொந்த மூளையை மட்டும் வைத்து எழுதினாள். பல்கலைக்கழகம் கனவு கண்ட தேர்வு உலகத்தில் ஒருமுறை நடந்தது என்றால் அது அன்று காலையில்தான்.

மதியம், தேங்காய்ப்பால் மீனும் வாழைக்காயும் சாப்பிட்டு முடித்த நேரத்தில் சோய்லா ஓடி வந்தாள். கையில் யதீரா. சப்போட்டா தின்ற பிள்ளைக்குக் கொட்டை தொண்டையில் அடைத்து, உதடு நீலம் பாரித்திருந்தது. பின்னாலேயே ஊர்.

"தண்ணி ஊத்துங்க டீச்சர்" என்றாள் சோய்லா. "ஞானஸ்நானம் இல்லாம எம்பிள்ள போயிரக் கூடாது."

பாதிரியார் இல்லாத இடத்தில், சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றினவர் ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன். கோயிலில் நடந்ததற்கு ஒரு மாற்றுக் குறைவில்லை. எர்சிலியா சுற்றிலும் பார்த்தாள். நசாரியோவுக்குக் கை இல்லையா? செவிலிக்கு இல்லையா? ஒருத்தரும் அசையவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானத்தாய் அவள். அவள் இருக்கும்போது இன்னொருத்தர் கை நீட்டுவது மரியாதை இல்லை. குழந்தை நீலமாகட்டும், மரியாதை கெடக் கூடாது.

"செவிலிதானே நீ, முதுகுல தட்டு" என்று கத்தினாள்.

"நீ தண்ணிய ஊத்து, நான் தட்றேன்" என்றாள் செவிலி.

எர்சிலியா எலியோதோரோவைப் பார்த்தாள். ஒழுகாமல் காத்த கூரை, கிடைக்காத நாற்காலி, மரவள்ளிக் கஞ்சி, எல்லாம் அந்த ஆளுடைய முகத்தில்தான் இருந்தன. அந்த முகம் இப்போது வெறும் தகப்பன் முகமாக இருந்தது. அவள் பானைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு யதீராவின் தலையில் ஊற்றினாள். செவிலி தட்டினாள். கொட்டை எகிறி வந்து பிரித்துக் கிடந்த கையேட்டின் மேல் விழுந்தது. குழந்தை வீறிட்டது. உடனே, தட்டின செவிலியை விட்டுவிட்டு, ஊற்றின தண்ணீரைத்தான் ஊர் அற்புதம் என்றது.

எலியோதோரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கொமாத்ரே" என்றார்.

எர்சிலியா பெஞ்சில் உட்கார்ந்தாள். "முடிஞ்சுது" என்றாள். "தாள எல்லாம் கட்டி வைங்க. நீங்க இனிமே எனக்குச் சொந்தம்."

"அதெப்படி முடியும்? காலையில நான் கையெழுத்துப் போட்டப்ப சொந்தமில்லையே. அப்ப சொன்னது அப்பவே உண்மை. மத்தியானத்துக்குத் தனியா கையெழுத்து எதுவும் அவங்க கேக்கலையே."

உறவு வந்த அரை மணியில் மனிதருக்குச் சட்டமும் வளையத் தொடங்கிவிட்டது. அவரே போய் ஜன்னலைத் திறந்தார். "கொமாத்ரேவுக்குக் காத்து வேணும்" என்றார். காற்றோடு நசாரியோ உள்ளே வந்தான், போலீஸ்காரர் வந்தார், செவிலி நாற்காலியோடு வந்தாள். பிற்பகல் தாளின் முதல் கேள்வியை எலியோதோரோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்: பள்ளி நிர்வாகத்தில் சமூகத்தின் பங்கு யாது?

சமூகத்துக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"இறால் பருவத்துல பள்ளிக்கூடத்த மூடணும்னு எழுது கொமாத்ரே" என்றான் நசாரியோ.

"நான் வேற எழுதணும், விடு."

"என் பேச்சு உனக்கு வேணாமா? உன் ஞானமகன் தகப்பன் நான்."

எழுதினாள். போலீஸ்காரர் பிரம்பைப் பற்றி ஒரு பத்தி சொன்னார். நசாரியோ சொன்னதை எழுதிவிட்டு அவர் சொன்னதை எப்படி விடுவது? செவிலி குடற்புழுவைப் பற்றிச் சொன்னாள். அது மட்டும் கொஞ்சம் சரியாக இருந்தது. எலியோதோரோ தபால் நிலையத்துக்குப் புதுக் கூரை வேண்டும் என்பதை எப்படியாவது உள்ளே நுழைக்கச் சொன்னார். எர்சிலியா படித்து வைத்திருந்ததற்கு நாலு விரல் இடம்தான் மிஞ்சியது. அதிலோ எழுதக் கூடாது என்று விதி.

முடிவு வந்தபோது, காலைத் தாளில் மாகாணத்திலேயே முதல் மதிப்பெண். பிற்பகல் தாளில் தோல்வி. 'முறைகேடு எதுவும் காணப்படவில்லை. சிந்தனை மட்டும் சிதறியுள்ளது' என்று குறிப்பு. உறவுக்காரரை நம்பாதே என்று சொன்ன அந்த அசட்டு விதிதான் மொத்தக் கையேட்டிலும் ஒரே புத்திசாலி விதி என்பதை எர்சிலியா வெளியே யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

தோற்ற தாளை மறுபடி எழுதலாம். ஆனால் யார் முன்னிலையில்? ஊரில் அந்நியர் தீர்ந்துவிட்டார்கள்.

மார்ச் மாதம் கல்வித்துறை சொன்னபடியே பட்டதாரியை அனுப்பியது. படகு கரை சேரும் முன்பே துறையில் ஊர் கூடிவிட்டது. புது ஆள், அதுவும் அரசாங்க ஆள். ஞானத்தகப்பனாக இவரைவிட யார் கிடைப்பார்கள்? கைக்குழந்தைக்காரிகள் முன்வரிசையில் நின்றார்கள். எர்சிலியா இடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகையே மறித்தாள்.

"உங்க பேரு?"

"மார்சியால் எந்தாரா" என்றார் அந்த இளைஞர். இன்னும் படகிலேயே நின்றிருந்தார்.

"இந்த ஊர்ல உங்களுக்கு யாராவது சொந்தம்?"

"இந்த ஊரு வரைபடத்துல இருக்கிறதே நேத்துதான் தெரியும், மேடம்."

"நல்லது. பட்டம் கிடைச்சா உங்க நாற்காலி எனக்கு. நீங்க ஊருக்குத் திரும்பிப் போயிரலாம்."

அவர் சேற்றைப் பார்த்தார், கொசுவைப் பார்த்தார். "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். இவ்வளவு ஆர்வமாக எந்த அரசு ஊழியரும் கேட்டதில்லை.

"நவம்பர்ல என் மறுதேர்வுக்கு வந்து உக்காரணும். அதுவரைக்கும் யார் குழந்தையையும் தொடாதீங்க. யார் நீட்டினாலும் கையப் பின்னால கட்டிக்குங்க."

கரையில், மலையிலிருந்து வந்திருந்த சோய்லாவின் தங்கை, சிரித்த முகமாக, துணியில் சுற்றின எதையோ நீட்டினாள். மார்சியால் எந்தாரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படகிலிருந்து இறங்கினார். பெட்டியை எர்சிலியா சுமந்தாள்.