கேட்காமல் விட்ட அரை மணி நேரம்

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம் முழுவதும் கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான்தான் கல்வி அதிகாரி. பூட்டிய பள்ளிக்கு எதற்கு அதிகாரி என்று கேட்காதீர்கள். திறந்திருந்தபோதுகூட அத்தனை வேலை இருந்ததில்லை. அரிசியும் பயறும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும், புத்தகம் போய்ச் சேர வேண்டும், டிவியில் ஓடும் பாடத்தைப் பார்க்காத பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. டிவி இல்லாத வீடுகளுக்கு யார் யார் கையையோ காலையோ பிடித்து டிவி வாங்கிக் கொடுத்தோம். அதில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

பாடம் மலையாளத்தில் ஓடியது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு ஆசிரியர்கள் போனில் பாடம் அனுப்பினார்கள். பல வீடுகளில் இருந்ததோ பட்டன் போன். அங்கே ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க மேடம், டிவி வந்துருச்சுங்க, புள்ளைங்களும் முன்னால உக்காருதுங்க. ஆனா ஒண்ணும் வெளங்கலீங்களே. தெனமும் ஒரு அரை மணி நேரம் தமிழ்ல போடச் சொல்லி நீங்க மேல ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க.”

பார்க்கலாம் என்றேன். அவர் தமிழில் கேட்டதற்கு நான் மலையாளத்தில் பதில் சொன்னேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். பாலக்காட்டுக் கோயில் தெருவில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். படித்தது மட்டும் முழுக்க மலையாளத்தில். கல்லூரியில் ஒருத்தி தமிழ் வாடை அடிக்கும் என் மலையாளத்தைப் பேசிக் காட்டுவாள், வகுப்பே சிரிக்கும். அன்றைக்கு வந்த வீம்பு. ஆபீசில் என்னைவிடச் சுத்தமாக மலையாளம் எழுத ஆள் இல்லை என்று பெயர் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு வீட்டு வாசலைத் தாண்டித் தமிழ் பேசியதில்லை.

தலைமை ஆசிரியர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். அதற்குள் மேலதிகாரியின் மீட்டிங் வந்தது. எல்லோரும் போன் திரையில் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். ஆபீசில் எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’தான். அவரே என் பெயரைச் சொல்லிக் கேட்டார். “தமிழ் மீடியம் குழந்தைகளுக்கு டிவியில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா? டீச்சரின் ஆட்கள்தானே, டீச்சரே சொல்லட்டும்.”

‘டீச்சரின் ஆட்கள்’ என்றது சுருக்கென்று தைத்தது. யாரோ சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாமலும் இருக்கலாம். “வேண்டாம் சார், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், மலையாளம் நன்றாகத் தெரியும்” என்று அழகான மலையாளத்தில் சொன்னேன். நல்லது என்று அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்காமல் விட்டது நான்.

நான்கைந்து மாதம் கழித்து, நாங்கள் கொடுத்த டிவிகள் ஓடுகின்றனவா என்று பார்க்க அந்த ஊருக்குப் போனேன். தலைமை ஆசிரியர் கூட வந்தார். முதல் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி டிவிக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான்காம் வகுப்பு வரை இவள்தான் முதல் என்றார் அவர். அம்மா மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, தெரிந்த அரைகுறை மலையாளத்தில் என்னை வரவேற்றாள். வார்த்தை கிடைக்காமல் அவள் திண்டாடியதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு முன்னைப்போல் படிப்பு ஏறவில்லை, வருஷம் முடிந்ததும் பள்ளியை விட்டு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறோம் என்பதை எப்படியோ சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் நோட்டை நீட்டினாள். திரையில் வந்த மலையாள எழுத்துகளை ஒன்றுவிடாமல், கோலம் பார்த்துப் போடுவதுபோல வரைந்து வைத்திருந்தாள். பக்கம் பக்கமாக அதுதான்.

“இது என்னன்னு படிச்சுச் சொல்றீங்களா, டீச்சர்?”

“பிரகாச சம்ஸ்லேஷணம்” என்று படித்தேன்.

“டிவியிலயும் அதைத்தானுங்க சொன்னாங்க. அப்படீன்னா என்னங்க? நான் மக்காயிட்டனுங்க, ஒண்ணுமே வெளங்க மாட்டேங்குது.”

அதற்குப் பாடப்புத்தகத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. “இலை இருக்கோல்லியோ, அது வெயில எடுத்துண்டு தனக்கு வேண்டிய சாப்பாட்டத் தானே பண்ணிக்கறது. நீ மக்கு இல்லைடா கண்ணா.”

“அட, அவ்வளவுதானுங்களா?” என்றாள். உடனே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், அதற்கடுத்த பக்கத்தையும். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் எழுதிக்கொண்டாள். எல்லாமே கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அவள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அம்மாவுக்குத் தமிழ் வருங்களா? தெரியாமப் போச்சுங்களே. தெரிஞ்சிருந்தா டிவியில தமிழ்ல போடச் சொல்லி அப்பவே உங்ககிட்ட வந்து கேட்டிருப்பமுங்க.”

எனக்குத் தலை நிமிரவில்லை. தான் மூன்று முறை கேட்டதைத் தலைமை ஆசிரியர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன்.

“ஆமாங்க, கேட்டிருக்கலாமுங்க” என்றார் அவர். “எனக்குத்தான் தோணாமப் போயிருச்சு.”

நான் அதையும் மறுத்துப் பேசவில்லை.