கடலில் கேட்ட ‘ஒண்ணுமில்ல’

போன வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். லீவு போட்டுவிட்டு, வீட்டில் போனைப் பார்த்தபடியே கிடந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் நண்பர்கள் இருவர் வந்தார்கள். ஒருவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன். இன்னொருவன் செட்டியார்பட்டியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். லேத்காரனின் மைத்துனருக்கு மணப்பாட்டில் ஒரு பாய்மர வள்ளம் உண்டு. அதில் கரையோரமாகவே வீரபாண்டியன்பட்டினம் வரை போகலாம், இரண்டு ஊர்க் கோயில்களையும் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, வரவில்லை என்றேன். மனைவிதான் துணிமணியை எடுத்து வைத்தாள். ரிப்போர்ட்டைத் தானே போய் வாங்கிக்கொள்வதாகவும், கையோடு கூப்பிடுவதாகவும் சொல்லி அனுப்பினாள்.

நண்பர்கள் இருவரும் கிறிஸ்தவர்கள். லேத்காரன் கத்தோலிக்கன், தேவாலயத்தைக் கோயில் என்பான். பட்டாளத்துக்காரன் புராட்டஸ்டண்ட், சர்ச் என்பான். மணப்பாட்டில் மணல் குன்றின்மேல் இருக்கும் சிலுவைக் கோயிலுக்குள் போனதும் லேத்காரன் முழங்காலில் விழுந்து எனக்காக மெழுகுதிரி ஏற்றினான். மற்றவன் திரி ஏற்றவில்லை, கண்ணை மூடி நின்றான். நான் நெற்றியில் திருநீறோடு பின்னால் நின்று கும்பிட்டேன். ஜன்னல் வழியே தெரிந்த கடலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வள்ளம் கிளம்பியபோது தெற்குக் காற்று நன்றாகவே வீசியது. பாய் புடைத்துக்கொள்ள, பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைத்துனர் வெற்றிலை மென்றபடி சுக்கானைப் பிடித்திருந்தார். திருச்செந்தூர்க் கோபுரம் தெரிய ஆரம்பித்த இடத்தில் காற்று நின்றுபோனது. பாய் துவண்டு தொங்கியது. செத்த நேரம் பொறுத்தால் காற்று வந்துவிடும் என்றார் மைத்துனர். அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

அப்போது போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, ஒண்ணுமில்ல...” என்றாள். அதற்குமேல் இரைச்சல்தான் கேட்டது. பிறகு சிக்னலே இல்லை.

லேத்காரன் என் தோளைக் குலுக்கினான். “ஒண்ணுமில்லன்னுட்டாள்ல, பொறவென்னலே?”

என் மனைவி எதற்குக் கூப்பிட்டாலும் ஒண்ணுமில்ல என்றுதான் தொடங்குவாள். மாமனார் மாரடைப்பில் விழுந்த அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினாள். அதை இவர்களிடம் சொன்னதும் லேத்காரன் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான். போனை உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பட்டாளத்துக்காரன் தன் போனையும் கொடுத்தான். அதிலும் கோடு இல்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டேன். ஒருவழியாகக் காற்று மெல்லத் திரும்பி வந்தது.

வீரபாண்டியன்பட்டினத்தில் கரை தட்டியதும் முழங்கால் தண்ணீரில் குதித்து மணலில் ஓடினேன். தெருவுக்குள் கோயில் வாசல் வரை வந்த பிறகுதான் லைன் கிடைத்தது. எடுத்தவுடனே கேட்டேன்.

“ஒண்ணுமில்லன்னா என்ன ஒண்ணுமில்ல?”

“கட்டியில ஒண்ணுமில்லங்க. புத்துநோய் இல்லயாம். சாதாரணக் கட்டிதானாம். மாத்திரை போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பவே சொன்னேனே, கேக்கலயா?”

படியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. லேத்காரன் சிரித்தான். பயணம் முழுக்க எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்த பட்டாளத்துக்காரன்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு மூவரும் உள்ளே போனோம். லேத்காரன் மெழுகுதிரி வாங்கப் போனான். நான் ஓரத்து பெஞ்சில் சாய்ந்தேன். மின்விசிறிச் சத்தமும், யாரோ பெண்கள் சேர்ந்து ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பும் கொஞ்ச நேரம் கேட்டன. அப்படியே தூங்கிப்போனேன். பூசை தொடங்கும் நேரம் ஆகியும் யாரும் என்னை எழுப்பவில்லையாம். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, என் தலைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனார் என்று பின்னால் சொன்னார்கள்.