ரோடு மட்டம்

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் யார் எப்போது வீடு கட்டினார்கள் என்பதைப் பத்திரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசற்படிகளைப் பார்த்தால் போதும். முதலில் வந்தவர் ரோடு மட்டத்தை ஒட்டிக் கட்டினார். அடுத்தவர் மேஸ்திரியிடம், "பக்கத்து வீட்டைவிட ஒரு படி ஏத்திக் கட்டுப்பா" என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். தொண்ணூறுகளில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகின. எங்கள் தெருவும் அப்படித்தான் படிப்படியாக உயர்ந்தது.

முதலில் வந்தவர் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுக்கு ஒரே படி. அடுத்து வந்த பேங்க் சாருக்கு இரண்டு. மூன்றாவதாக வந்த எனக்கு மூன்று. கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்; ஆர்.ஐ. என்றால்தான் தெரியும். அவர் வீட்டுக்கு ஏழு.

கனமழை பெய்தால் சிஸ்டர் வீட்டுக்குள் தண்ணீர் வரும். கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார். பிரிட்ஜுக்குத் தனியாக ஒரு சிமெண்ட் மேடை. மழைக்காலத்தில் நைட் டூட்டி முடிந்து வந்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் படுக்க முடியும். ரோட்டை ஒழுங்காகப் போட்டு ஓரத்தில் கால்வாய் வெட்டிவிட்டால் தண்ணீர் ஏரிப் பக்கம் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. அதற்காகவே வீடு வீடாக ஏறி இறங்கி நலச் சங்கத்தை ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் ஆர்.ஐ. தலைவரானார். அவருக்கு ஆபீஸ்களில் ஆள் பழக்கம் உண்டு. தவிர, அத்தனை பேரும் உட்காரக்கூடிய மொட்டை மாடி அவர் வீட்டில்தான் இருந்தது.

கூட்டங்கள் மலையைப் பார்த்தபடி நடந்தன. அந்த உயரத்திலிருந்து மலை நன்றாகத் தெரியும். தெருவைப் பார்க்க வேண்டுமானால் எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். யாரும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருவழியாக சிமெண்ட் ரோடு சாங்ஷன் ஆனது. ஒப்பந்தக்காரரை மாடிக்கு அழைத்து சால்வை போட்டார்கள். அவர் உட்காருவதற்குள் சிஸ்டர் கேட்டார்:

"பழைய ரோட்டைக் கொத்தி எடுத்துட்டுத்தானே போடுவீங்க?"

"எதுக்கும்மா கொத்தணும்? அடியில கெட்டியா இருக்கு. அது மேலயே போட்டா ஸ்ட்ராங்கா நிக்கும். ஒரு அடி ஏறும், அவ்ளோதான்."

"ஒரு அடி ஏறினா என் வீடு பள்ளத்துல போயிடுமேங்க."

"சிஸ்டர்," என்று பேங்க் சார் குறுக்கே வந்தார். "பொது விஷயத்துல சொந்த விஷயத்தக் கொண்டாரக் கூடாது."

பொது விஷயம் என்பது ஸ்கூட்டர். வீடுகளை ஏற்றிக் கட்டியவர்கள் தினமும் சாயங்காலம் சரிவில் வண்டியைத் தள்ளி ஏற்ற வேண்டியிருந்தது. ரோடு உயர்ந்தால் சரிவு குறையும்.

"அப்ப கால்வாய்?" என்றார் சிஸ்டர்.

"அது செகண்ட் ஃபேஸ்ல வரும். வராம எங்க போகும்?" என்றார் தலைவர்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். கொத்த வேண்டும் என்று தூக்கியது சிஸ்டர் மட்டும். நிருபர் என்பதால் நான் நடுநிலை வகித்தேன். என் வீட்டுக்கு மூன்று படி என்பதும் நினைவில் இருந்தது.

பௌர்ணமிக்கு வேலை நின்றது. ஆட்களில் பாதிப் பேர் கிரிவலப் பாதையில் சுண்டல் விற்கப் போய்விட்டார்கள். மறுவாரம் ரோடு முடிந்தது. என் பத்திரிகைக்கு மூன்று வரி அனுப்பினேன்: சாலை அமைந்தது, பொதுமக்கள் மகிழ்ச்சி. இந்த மாதிரிச் செய்திகளில் பொதுமக்களுக்கு வேறு எதுவும் நேர்வதில்லை. பேங்க் சார் உண்மையிலேயே மகிழ்ந்தார். அவர் வீட்டுப் படி இரண்டும் ரோட்டுக்குள் போய்விட்டன. "ஸ்கூட்டரு நேரா ஹாலுக்கே போவுது சார்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. தீபத்துக்கு ஊரில் எல்லார் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சிஸ்டர் வீட்டில் போளூரிலிருந்து அவர் தம்பி குடும்பம். நான் போனபோது எல்லாரும் கட்டில்மேல் காலை மடக்கி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே முழங்கால் தண்ணீர்.

"தீபத்துக்கு எங்கள மட்டும்தான் கூப்ட்டேன்னு நெனச்சேன்க்கா," என்றார் தம்பி, தண்ணீரைப் பார்த்தபடி.

தெருவே வாளியோடு வந்தது. சங்கம் தொடங்கியதிலிருந்து அத்தனை பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். மொண்டு மொண்டு ரோட்டில் ஊற்றினோம். ரோடு அதைக் கேட் வழியாகத் திருப்பிக் கொடுத்தது. தலைவர் தன் படியில் நின்றபடி, "சங்கத்தோட சார்பில நாலு பேருக்கு நம்ம வீட்ல சாப்பாடு!" என்று குரல் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் சிஸ்டரின் பொறுமையைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். சிஸ்டர் வரவில்லை. மேஸ்திரியை வைத்து வீட்டுக்குள் மண் கொட்டித் தரையை ஏற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ரோட்டைவிட உயரமாக ஒரு தடுப்பு எழும்பியது. தரை ஏறிய அளவுக்குக் கதவுகளை அறுத்தார்கள். மின்விசிறி தலையில் இடிக்கும் என்பதால் கழற்றிவிட்டுச் சுவரில் ஒன்று மாட்டினார்கள். தன் வீட்டு நிலைப்படியில் சிஸ்டர் குனிந்துதான் நுழைய முடிந்தது. வேலை முடிந்த அன்று கேட் அருகே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சார், இனிமே எங்க வீட்டுக்குத் தண்ணி வராது. அப்ப எங்க போவும்னு சங்கத்துல கேட்டுச் சொல்லுங்க."

சங்கத்தில் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மழையில் அது பேங்க் சார் வீட்டு ஹாலுக்கு, ஸ்கூட்டர் போன வழியிலேயே போனது. மழை விட்ட மறுநாளே அவசரக் கூட்டம். பேங்க் சார் பேன்ட்டை மடித்துவிட்டபடியே மாடிக்கு வந்தார்.

"ரோட்டைக் கொத்தணும் தலைவரே. இது பொது விஷயம்."

கையைத் தூக்கச் சொன்னார்கள். பேங்க் சார் தூக்கினார். சிஸ்டரும் தூக்கினார்.

"உங்க வீட்ல இப்பதான் தண்ணி வர்றதில்லையே சிஸ்டர்?" என்றார் தலைவர்.

"தண்ணி வர்றதில்ல சார். வூட்டுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடுச்சு. நீங்க ரோட்டைக் கொத்துங்க, நான் அந்த மண்ண அள்ளிக் கொட்டிட்டு நிமிந்து நடக்கறேன்."

என் வீட்டில் ரோட்டுக்கு மேல் மீதமிருந்தது ஒரே படி. பேங்க் சாரும் இனி தரையை ஏற்றிவிடுவார். நடுநிலையைவிட்டு நானும் கையைத் தூக்கினேன்.

"மூணு," என்று எண்ணினார் தலைவர். "இருக்கறது ஏழு வீடு. மெஜாரிட்டி வரலீங்களே."

அப்போது நாலாவதாக வந்து நாலு படி வைத்துக் கட்டியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கைப்பிடிச் சுவர்வரை போய், குனிந்து, தன் வீட்டு வாசலை எட்டிப் பார்த்தார்.