குளிரில் மட்டும் சத்தம் போட்ட வேன்

இந்த ஊரில் எனக்குப் பெயர் ஸ்பேனர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்த தபால்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நான் திருத்துவதில்லை. மரியாதை தானாக நடந்து வரும்போது நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பின்பாதி போகவில்லை. பதினேழு வயதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், கழற்றிப் போட்ட பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்றுக்கும் பெயர் தெரியாது. ஆனால் அத்தனையையும் என் விரல் உள்ளும் புறமும் தடவியிருக்கிறது. நாலு வருடம் கழித்து, கண்ணைக் கட்டிவிட்டு எதைக் கையில் கொடுத்தாலும் எந்த வண்டி, எந்த இடம், எத்தனை தேய்மானம் என்று சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

முப்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஷெட் போட்டேன். ஐந்து வண்டி உள்ளே நிற்கும். நடுவில் கழிவு எண்ணெயில் எரிகிற பீப்பாய் அடுப்பு. வெளியே பல் கிட்டித்துப் போகிற குளிரிலும் உள்ளே கதகதப்பாக இருக்கும். என்னோடு வேலை பார்ப்பவர் என் கொழுந்தனார். டிப்ளமா படித்தவர். புத்தகத்தை அவர் படிப்பார், வண்டியை நான் படிப்பேன். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை, அவரைத் தவிர.

நீ வாழ்க்கையில் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால், நான் ஒரு ஐந்து நாள் கதையைச் சொல்வேன்.

அந்த வருடம் குளிர் கடுமை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளி வேன் ஓட்டுகிறவர் வந்தார். ஹாரன் அடிக்கவே கூச்சப்படுகிற மனிதர். பதினோரு பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு.

"அக்கா, காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு ஒரு சத்தம். தகரத்துல நகத்தால தட்டுற மாதிரி. கொஞ்ச தூரம் போனா நின்னுடுது."

"இப்ப வருதா?"

"இப்ப வராது. யாராவது மெக்கானிக்கைப் பார்த்தாலே வராது."

கொழுந்தனார் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "பிள்ளைங்களோட சேர்ந்து சேர்ந்து வேனும் வாத்தியாரைக் கண்டா வாயை மூடிக்குது போல."

வேன்காரர் சிரிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் மூன்று இடம் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒருவர் பெல்ட்டை மாற்றினார். இன்னொருவர், வால்வை அசைக்கிற டேப்பட்டின் சத்தம் என்று எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து இடைவெளி சரிபார்த்து மூடினார். மூன்றாவது, கடைத்தெரு முனையில் இருக்கிற பெரிய ஷெட். அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில குறை இல்ல, உங்க காதைக் காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

பிள்ளைகளின் அம்மாக்கள் அப்படி விடவில்லை. காலையில் அந்தச் சத்தத்தோடு வேன் தெருவில் நின்றால் யார் நம்பிப் பிள்ளையை ஏற்றுவார்கள்? சத்தம் போகாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"பதினோரு பிள்ளையும் போயிட்டா நான் இந்த வேனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, அக்கா?"

"நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க தம்பி. விட்டுட்டுப் போங்க" என்றேன்.

எங்கள் தொழிலில் எல்லா ஷெட்டுக்கும் பொதுவான வழக்கம் இரண்டு உண்டு. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகுதான் காது வைக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எதையாவது முனகிக்கொண்டுதான் இருக்கும், அதை நம்பக் கூடாது. அடுத்தது, நம்மை நம்பி விட்ட வண்டி ராத்திரி வெளியில் நிற்கக் கூடாது. இரண்டையும் நான் வேதமாகக் கடைப்பிடித்தவள். அன்றும் அப்படியே. சூடாக்கினேன், கேட்டேன், ஒன்றும் இல்லை. இரண்டு போல்ட்டை இறுக்கினேன். ராத்திரி வேனை உள்ளே தள்ளி, அடுப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை வேன்காரர் வந்து சாவியைத் திருப்பினார். சத்தம் இல்லை. மனிதருக்கு முகமெல்லாம் பல். அன்று பிள்ளைகளை ஏற்றும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "ஸ்பேனர் அக்கா தொட்டாங்க, போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் அது கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. பெரிய ஷெட்காரர் எதிரே வந்தபோது, "உங்க கம்ப்யூட்டருக்குக் காது இல்லையா?" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை, ராத்திரி முழுக்க வேன்காரர் வீட்டு வாசலில் நின்ற வேன், முதல் திருப்பலிலேயே டிக் டிக் என்றது.

வேன்காரர் வந்தபோது கூடவே ஒரு அம்மாவும் வந்தார். வேன்காரரின் தெருவிலேயே தையல் கடை வைத்திருப்பவர். காலையில் அவர் மகள்தான் முதலில் வேனில் ஏறுகிறவள். கழுத்தில் டேப் தொங்க, கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நேத்து சரியாயிடுச்சுன்னீங்க. இன்னிக்கு மறுபடியும் தட்டுது. நீங்க என்ன பண்ணீங்க, தாயத்து கட்டுனீங்களா?"

என் ஷெட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சுத்தமாக இருந்த ஸ்பேனரை எடுத்து மறுபடியும் துடைத்தேன்.

"திங்கக்கிழமை காலையில சத்தம் கேட்டா, எல்லாப் பிள்ளைங்களும் வேற வேன்ல போகும். நான் மத்தவங்ககிட்டயும் பேசிட்டேன். இவர் நல்ல மனுஷன், அதுக்காக என் பொண்ணை ஓட்டை வண்டியில ஏத்த முடியுமா?"

அவர் போன பிறகு கொழுந்தனார் மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணி, பெரிய ஷெட்காரர்கிட்ட அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நாளைக்குக் கேட்டுப் பார்க்கலாமா?"

"அதுக்கு நான் ஷெட்டைப் பூட்டிட்டு பூ விக்கப் போவேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர். நாளெல்லாம் இயந்திர இரைச்சலில் இருப்பவர், வீட்டில் அளந்துதான் பேசுவார். நாற்காலியிலிருந்து எழுந்தேன், முழங்கால் கிரீச் என்றது.

"காலையில இதைவிடப் பெருசா கேட்டுது" என்றார்.

"டாக்டர்கிட்ட போனேனே. பதினோரு மணிக்குப் போய் நடந்து காட்டினா ஒண்ணும் கேக்கல. நல்லா இருக்குன்னு அனுப்பிட்டார்."

"பின்ன? படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறப்ப வர்ற சத்தம். பதினோரு மணிக்கு டாக்டருக்கு எப்படிக் கேக்கும்? அவர்தான் நம்ம கட்டிலுக்கு வரணும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தட்டைக் கழுவப் போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வேன் என்னிடம் வந்தபோதெல்லாம் ஓடி, சூடாகி வந்தது. ராத்திரி தங்கியபோது நானே அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டில் போட்ட மாதிரிப் படுக்க வைத்திருக்கிறேன். குளிரில் வரும் நோயைக் கம்பளி போர்த்திவிட்டுத் தேடியிருக்கிறேன். மூன்று ஷெட்டிலும் செய்த தப்பை நாலாவதாக நானும் செய்திருக்கிறேன், அதுவும் பாசத்தோடு.

உடனே வேன்காரருக்குப் போன் போட்டேன். "வேன் வாசல்லயே நிக்கட்டும். போர்வை கீர்வை போத்தாதீங்க. நான் வர்ற வரைக்கும் சாவியைத் தொடக் கூடாது."

"நம்ம வீட்டுக்கா வர்றீங்க, அக்கா?"

"டாக்டர் கட்டிலுக்கு வர்றார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஞாயிறு விடியும்போது நானும் கொழுந்தனாரும் அங்கே இருந்தோம். கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அந்த மாதிரி வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் மூடி. மூடியைத் திறந்தால் எஞ்சின். கை வைத்தேன். இரும்பு விரலைக் கடித்தது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் கருவி ஒரு முழ நீள ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சின்மேல். "இப்ப திருப்புங்க."

டிக், டிக், டிக், டிக். மூன்று ஷெட்டுக்கும் காட்டாத முகத்தை எனக்குக் காட்டியது.

குழாயை மேல்மூடியில் வைத்தேன். சத்தம் தள்ளி இருந்தது. அப்படியென்றால் டேப்பட் இல்லை. பெல்ட் பக்கம் கொண்டுபோனேன், இல்லை. வலது பக்கம் இறக்க இறக்கச் சத்தம் கிட்டே வந்தது. ஓரிடத்தில் காதுக்குள் ஃபூ ஃபூ என்று யாரோ ஊதினார்கள். இரும்பு இரும்போடு மோதினால் ஊதாது. ஊதுவது காற்று.

"டார்ச் அடிங்க, கொழுந்தனாரே."

குளிரில் நாங்கள் மூன்று பேரும் பேசப் பேச வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் எஞ்சினும் எங்களோடு சேர்ந்து மூச்சு விட்டது. ஒரு தகட்டு மறைப்புக்கு அடியிலிருந்து நூல் மாதிரி வெள்ளை ஆவி, ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு இழை. எரிந்த புகையை எஞ்சினிலிருந்து வாங்கி சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய் அங்கேதான் இருக்கிறது, மேனிஃபோல்டு என்போம். அதில் வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது வாய் பிளந்து நிற்கும். சூடானால் இரும்பு விரிந்து வாயை மூடிக்கொள்ளும். வெயில் காலமாக இருந்தால் அந்த ஆவி கண்ணுக்கே தெரிந்திருக்காது.

கொழுந்தனார் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கேலி இல்லை. "அண்ணி, இந்தப் புகை எங்க போகுது பாருங்க."

நான் பார்த்துவிட்டேன். நேராக மேலே, சீட்டுக்கு அடியில் மூடி பொருந்துகிற இடுக்கு வழியாக வேனுக்குள்.

"நிறுத்துங்க. சூடாகக் கூடாது" என்றேன். "இந்த சீட்டுல யார் உக்காருவாங்க, தம்பி?"

"தையல்காரம்மா பொண்ணு. அதுதான் முதல்ல ஏறும், முன்னாடிதான் உக்காருவேன்னு அடம் பிடிக்கும்."

"ஓடிப் போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

சால்வையைப் போர்த்திக்கொண்டு கோபமாகத்தான் வந்தார். மறுபடியும் சாவியைத் திருப்பச் சொல்லி, டார்ச்சைக் கையில் கொடுத்து, குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஆவி இழை இழையாகச் சீட்டுப் பக்கம் ஏறியது.

"இது என்ன?"

"எரிஞ்ச புகை. வாசனை பெருசா தெரியாது. கண்ணாடியை மூடிட்டுப் போனா தலைவலி வரும், தூக்கம் வரும். இப்படியே விட்டா அதுக்கு மேலயும் போகும்."

அவர் நிமிரவில்லை. "தினமும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் தலை வலிக்குதுன்னு சொல்லுவா. படிக்கச் சோம்பல்னு நான் திட்டுவேன். போன வாரம் ஒரு அடியும் போட்டேன்."

வேன்காரர் தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எனக்கும்தான் வலிக்கும். பனின்னு நினைச்சேன்."

நாலைந்து நிமிடத்தில் சத்தம் மங்கியது. ஆவியின் நூலும் அறுந்தது. எஞ்சின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப பார்த்தா நானே குறை இல்லன்னு சொல்லுவேன்" என்றேன்.

அன்று பகல் முழுக்க வேலை. மேனிஃபோல்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத கோட்டில் என் நகம் மாட்டியது. பழைய இரும்புக் கடையில் நல்லதாக ஒன்று கிடைத்தது. அதன் முகத்தைச் சமமாக்கித் தரும்படி என் வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்கு இழுத்துப் போனேன். "டாக்டருக்குக் கம்பவுண்டர் வேலையா?" என்றார். புகை கசியாமல் இடையில் அடைக்கிற புது கேஸ்கெட் வைத்து, புது போல்ட் போட்டு, சீட்டு மூடியின் இடுக்கெல்லாம் அடைத்து, வேனைத் திரும்ப அவர் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினோம். மூடாமல், போர்த்தாமல், கொட்டுகிற பனியில்.

திங்கட்கிழமை விடியலில் நான் போனபோது தெருவில் அம்மாக்கள் கூட்டம். தையல்கார அம்மா எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். பிள்ளைகளும் பையோடு நின்றார்கள். வேன்காரர் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே ஏறினார். சாவியைச் சட்டையில் இரண்டு முறை துடைத்தார். பனி பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

திருப்பினார். எஞ்சின் ஒரு உறுமல் உறுமியது, பிறகு சீராக ஓடியது. எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஏன் ஆஃப் பண்ணிட்டார்?" என்றார்.

"ஆஃப் பண்ணல. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். இந்த வரியைச் சொல்வதற்காகத்தான் முப்பது வருடம் மண்ணெண்ணெயில் கை வைத்திருந்தேனோ என்று தோன்றியது.

தையல்கார அம்மாதான் முதலில் நகர்ந்தார். மகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, முன் சீட்டுக் கதவைத் தானே திறந்து, ஏற்றி உட்கார வைத்தார். அதைப் பார்த்துவிட்டு மற்ற பத்துப் பிள்ளைகளும் ஏறின. வேன் கிளம்பித் தெருமுனை திரும்பியபோது, கூச்சப்படுகிற அந்த மனிதர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

அதற்குப் பிறகு என் ஷெட்டில், காலையில் சத்தம் வருகிறது என்று யார் வந்தாலும் வண்டியை வாங்கி வைப்பதில்லை. வீட்டு விலாசத்தைத்தான் வாங்கிக்கொள்கிறேன். பெரிய ஷெட்டின் வாசலிலும் இப்போது ராத்திரியில் இரண்டு மூன்று வண்டிகள் வெளியில் நிற்கின்றன. கேட்டால் உள்ளே இடம் இல்லை என்கிறாராம். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே பாதி இடம் காலி.