காயாத குஷன்கள்

எங்கள் அப்பாவை நல்லவர் என்று யாராவது சொன்னால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். செத்தவரைப் பற்றி அப்படி நடந்துகொள்ளக் கூடாதாம். இருக்கட்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சித்தி கிளியனூரில் புருஷனை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் தங்கை. சித்தப்பா அடித்த அடியில் அவளுக்கு இடது காது கேட்காது. ஒரு துணிப்பையும், ஸ்டாண்டிலிருந்து கழற்றிய தையல் மெஷினின் தலையும்தான் கொண்டுவந்தாள். மரக்காணத்தில் எங்கள் வீடு ஒரே அறை. ஐந்து பேர் படுத்தால் ஆறாவது ஆள் வாசலில்.

பத்தாம் நாள் சித்தப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் முன்னால் அப்பா பெரிய நியாயஸ்தர் மாதிரி சொன்னார்: “அது சம்பாதிச்சி சாப்பிடறதா இருந்தா இங்கயே இருக்கட்டும். வேல எதுவும் அமையலன்னா நானே கொண்டாந்து விட்டுடறேன்.” நாலு பேர் முன்னால் சொன்ன சொல். அவராலேயே அதை மாற்ற முடியாது. வேலை அமையாது என்ற தைரியத்தில் சொன்னார்.

அமைந்துவிட்டது. ஈ.சி.ஆர். ரோட்டோரம் சென்னைக்காரர்களின் பங்களா ஒன்று. கடலைப் பார்த்த வராண்டாவில் எட்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றின் இருக்கை வட்டம், ஒன்று முன்னால் அகலம் பின்னால் குறுகல், எதுவும் எதோடும் ஒத்துப்போகாது. கடையில் வாங்கிய குஷன் ஒன்றும் பொருந்தவில்லை என்று பங்களா அம்மா சித்தியைக் கூப்பிட்டனுப்பினார். இது நன்றாக வந்தால் பக்கத்து பங்களாக்களின் வேலையும் அவளுக்கே என்றும் சொல்லிவிட்டார்.

சித்தி என்னையும் கூட்டிப்போனாள். ஒவ்வோர் இருக்கையிலும் பேப்பரை விரித்து விளிம்போடு வெட்டி எடுக்க வேண்டும். கடல் காற்றில் பேப்பர் நிற்காது. அதன்மேல் உட்கார்ந்து அழுத்துவது என் வேலை. “அசையாதடி. நீ அசைஞ்சா அளவும் அசைஞ்சிடும்” என்பாள். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருந்தவர், “ஏம்மா, நாற்காலிக்கு அளவெடுக்கிறியா, பொண்ணுக்கா?” என்றார். சித்தி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

புதுச்சேரியில் நல்ல சிவப்புத் துணி வாங்கிவந்தாள். ஈர விரலால் தேய்த்ததும் விரல் சிவந்தது. வெள்ளைப் புடவைக்காரர்கள் வந்து உட்காரும் இடம். சாயம் போனால் வேலையும் போச்சு.

“ஒரு கைப்பிடி உப்பு போட்டு ஊற வெச்சா நின்னுடும்க்கா” என்றாள் சித்தி. எங்கள் பக்கம் புதுத் துணிக்கு எல்லோரும் செய்வதுதான்.

உப்பளத்தில் வேலை பார்த்த அப்பா குறுக்கே வந்தார். “கைப்பிடி உப்பு எந்த மூலைக்கும்மா? அளத்துலேர்ந்து கெட்டித் தண்ணியே கொண்டாறேன். ஒரு ராத்திரி ஊறட்டும். அப்புறம் நல்ல தண்ணில அலசிடாத. அலசினா சாயம் மொத்தமும் இறங்கிடும்.”

“சரிங்க மாமா” என்றாள் சித்தி. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கொண்டுவந்தது உப்பு வாரி எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர். இரண்டு கேன். எண்ணெய் மாதிரி கையில் வழுக்கியது. அப்பா தலையில் சுமந்து வந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தி வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், இன்றைக்கு அவளுக்காக இவ்வளவு செய்கிறாரே என்று.

நல்ல வெயிலில் துணி ஒருவழியாகக் காய்ந்தது. சித்தி எட்டையும் தைத்தாள். ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங், காற்றில் பறக்காமல் கட்ட நாலு மூலையிலும் நாடா, கழற்றித் துவைக்க ஜிப்பு. நாற்காலியில் வைத்தபோது நாற்காலியோடு பிறந்தது மாதிரி உட்கார்ந்தது. பங்களா அம்மா தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் எட்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டார். “ஏம்மா டைலரு, பகல்ல நல்லாத்தான் இருக்குது. சாயங்காலம் காத்து திரும்பினா ஈரம் கக்குது. உக்காந்தவங்க எல்லாம் பின்னாடி நனைஞ்சி எழுந்திரிக்கிறாங்க. அம்மா வேற ஆளப் பாத்துக்கறாங்களாம்.”

சித்தி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். தன் தையலில் என்ன தப்பு என்று தேடினாள்.

“சொன்னது சொன்னதுதான்” என்றார் அப்பா. மறுநாள் காலை பஸ்ஸில் அவரே கூட்டிப்போய் விட்டுவிட்டு, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிட்டார். சித்தி இன்னும் கிளியனூரில்தான் இருக்கிறாள். மெஷினைச் சித்தப்பா விற்றுவிட்டார்.

ஐந்து வருஷம் கழித்து லீவில் நானும் அளத்து வேலைக்குப் போனேன். முதல் நாளே பக்கத்தில் நின்ற பெண் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “அந்தக் கசப்புத் தண்ணில நனைக்காதடி. பத்து தடவ அலசினாத்தான் காயும், இல்லாட்டி ராத்திரிக் காத்துல மறுபடி ஈரமாயிடும். அளத்துக்காரி மவளுக்கு இதுகூடத் தெரியாதா?” அப்பாவைப் பற்றி அங்கேயே, அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் என்னை அளத்துக்காரன் மகள் என்று சொல்லவில்லை, அளத்துக்காரி மகள் என்றாள். அம்மா அதே பாத்தியில் பன்னிரண்டு வருஷம் உப்பு சுமந்தவள்.

சித்தி திரும்பிப் போன அந்த வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா எட்டு குஷன்களின் ஜிப்பையும் இழுத்து உறையைக் கழற்றினாள். வரிசையில் நின்று பிடித்த குடத்துத் தண்ணீரை, எங்களுக்குக் குடிக்கவே கணக்காகக் கொடுப்பவள், குடம் குடமாக ஊற்றி அலசினாள். கொடியில் போட்டாள். மறுநாள் இரவுக் காற்றுக்குக்கூட அவை மொறமொறவென்று இருந்தன. சாயமும் அவ்வளவாகப் போகவில்லை.

நான் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினேன். “அம்மா, காஞ்சிடுச்சி. பங்களாவுல குடுத்துடலாம். சித்திய வரச் சொல்லும்மா.”

அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். ஈரக் கையோடு துணியைத் தொட்டதற்குத்தான் அடித்தாள் என்று நினைத்து, நான் போய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.